கிழங்கு மழை பெய்யும் கொடி

வீட்டுக் கொல்லையில் பசலைக் கொடி வளர்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அதை வளர்ப்பதில் சிரமமே இல்லை. தண்டை ஒரு சாண் நீளம் ஒடித்து ஈரமண்ணில் செருகிவிட்டால் போதும்; சில நாட்களில் துளிர்விடும். கிணற்றடியில் நான்கு கழிகளை நட்டுக் கயிறு கட்டிவிட்டால் பந்தல் நிறைந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை நாம் கீரைக்காகக் கிள்ளுவதால்தான் அது அடக்கமாக இருக்கிறது. கிள்ளுவாரே இல்லாத இடத்தில், இருபது முப்பது மீட்டர் உயர மரத்தைக் கொழுகொம்பாகக் கொண்டு, கணுவுக்குக் கணு கிழங்கும் வைக்கும் ஒரு பசலை இருந்தால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வி அன்று. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அப்படி ஒரு கொடி இருக்கிறது. அதன் தாவரவியல் பெயர் அன்ரெடெரா கார்டிபோலியா. நம் கொடிப்பசலையும் அதுவும் ஒரே குடும்பம். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று சொல்லத்தக்க நெருக்கம். இதய வடிவில் தடித்த, சாறு நிறைந்த இலைகள். வெண்ணிறச் சிறு பூக்கள் சரம் சரமாகத் தொங்கும். நல்ல மணம் உண்டு. அந்தச் சரத்தைப் பார்த்து 'ஆட்டுக்குட்டி வால்' என்று ஒரு செல்லப் பெயர் வைத்தார்கள். பரவலான பெயர் 'மதீரா கொடி'. மதீரா அட்லாண்டிக் கடலில் உள்ள ஒரு தீவு. ஆனால் இக்கொடியின் பிறப்பிடம் அந்தத் தீவன்று. தென் அமெரிக்காவில் பிரேசில், பராகுவே, அர்ஜென்டினா போன்ற நாடுகள். பெயரை நம்பி ஊரைத் தேடினால் இப்படித்தான் ஆகும்!

வேலிக்கும் வராந்தாவுக்கும் நிழல் தரும் அழகுக் கொடியாக அது ஆஸ்திரேலியத் தோட்டங்களுக்குப் போயிற்று. தோட்டத்தில் வெட்டிய தழையைப் பலர் ஓடைக்கரையிலும் ஊர்க்கோடியிலும் கொட்டினார்கள். அங்கிருந்து அது இயற்கைக் காட்டுக்குள் நுழைந்தது. அந்த நாட்டில் அது விதை பிடிப்பது மிக அரிது. பிறகு எப்படிப் பரவுகிறது என்று கேட்பீர்கள். அதன் தண்டில், இலை சேரும் ஒவ்வொரு கணுவிலும், முண்டும் முடிச்சுமாகச் சிறு கிழங்குகள் உருவாகின்றன. கொடியிலேயே கிழங்கு தொங்கும் வள்ளி வகை ஒன்றை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஏறக்குறைய அதைப் போலத்தான். ஒவ்வொரு கிழங்கும் ஒரு புதுக் கொடி. கீழே விழுந்தாலும், வெள்ளத்தில் மிதந்து ஓடையோரம் ஒதுங்கினாலும் முளைக்கும். மண்ணுக்குள்ளும் தனியே கிழங்குகள் உண்டு.

2012ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு, நாடு முழுவதும் கவலைப்பட வேண்டிய களைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தக் கவலையின் அளவு புரிய வேண்டுமானால் ஒரு காட்டின் கதையைச் சொல்ல வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், லிஸ்மோர், பாலினா, பைரன் பே ஆகிய ஊர்களுக்கு இடையில் 'பிக் ஸ்கிரப்' என்ற மழைக்காடு இருந்தது. பரப்பு ஏறத்தாழ 75,000 ஹெக்டேர். 19ஆம் நூற்றாண்டில் முதலில் சிவப்பு சீடார் மரத்துக்காகவும், பிறகு பயிருக்காகவும் பால்பண்ணைக்காகவும் அதை வெட்டித் தீர்த்தார்கள். மிஞ்சியது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது.

துண்டு துண்டாக என்ற சொல்லைச் சற்றே கவனியுங்கள். ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரக் காட்டின் சுற்றளவு 4 கிலோமீட்டர். அதே பரப்பை 100 மீட்டர் பக்கமுள்ள நூறு சதுரங்களாகப் பிரித்தால் மொத்தச் சுற்றளவு 40 கிலோமீட்டர் ஆகிவிடும். பரப்பு மாறவில்லை, ஓரம் மட்டும் பத்து மடங்கு. கொடிகளுக்கு வேண்டியது ஓரம்தான். அங்கேதான் வெளிச்சமும் இருக்கிறது, பற்றி ஏற மரமும் இருக்கிறது. மிஞ்சிய துண்டுகளைக் கோடரி விட்டுவிட்டது, கொடி விடவில்லை.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இந்தக் கொடியைப் பற்றி முதலில் படித்தபோது, "இதற்கென்ன பெரிய யோசனை? அடியில் ஒரு வெட்டு வெட்டினால் தீர்ந்தது" என்று எங்கள் கல்லூரித் தாவரவியல் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "வெட்டிப் பாருங்கள், அப்புறம் எண்ணிப் பாருங்கள்" என்றார். அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கச் சில நாட்கள் ஆயின. விளங்கியபோது, இந்தக் கதையில் பாதி எங்கள் பாடமே என்று தெரிந்தது.

முதலீடு இல்லாத உயரம்

ஒரு மரம் உயரமாக வளர வேண்டுமானால் பருமனாகவும் வளர வேண்டும். மெல்லிய குச்சியை நீளமாக நிறுத்தினால் தன் எடையாலேயே வளைந்து சாயும். எவ்வளவு பருமன் வேண்டும் என்பதை 1881ஆம் ஆண்டிலேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். உயரத்தை இரு மடங்காக்கினால் விட்டம் இரு மடங்கானால் போதாது, ஏறத்தாழ 2.8 மடங்காக வேண்டும். குறுக்குவெட்டுப் பரப்பு 8 மடங்கு. அதை இரு மடங்கு உயரத்தால் பெருக்கினால் தண்டிலுள்ள கட்டை 16 மடங்கு. இரு மடங்கு உயரத்துக்கு மரம் கொடுக்கும் விலை அது.

கொடிக்கு இந்தச் செலவு இல்லை. தாங்கும் வேலையை மரத்தின் தலையில் கட்டிவிட்டது. நீளம் இரு மடங்கானால் அதற்குச் செலவும் ஏறக்குறைய இரு மடங்குதான். மரம் கட்டைக்குச் செலவிடும் உணவையெல்லாம் கொடி நீளத்துக்கும் இலைக்கும் செலவிடுகிறது. நல்ல பருவத்தில் மதீரா கொடி வாரத்துக்கு ஒரு மீட்டர் வரை நீளும் என்பதில் வியப்பில்லை.

இன்னொரு சலுகையும் உண்டு. தண்டு மெல்லியதாயிற்றே, அவ்வளவு உயரத்திலுள்ள இலைகளுக்குத் தண்ணீர் எப்படிப் போதும்? நீர் செல்லும் குழாய்களின் அகலத்தில் இருக்கிறது விடை. குழாய் வழியே பாயும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது என்ற பாய்ஸெய் விதியை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படித்திருப்பீர்கள். பாய்ஸெய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். இரத்த ஓட்டத்தை அறியப் புறப்பட்டுத்தான் இதைக் கண்டார். மற்றவை மாறாதிருக்க, ஆரம் இரு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு. ஏறுகொடிகளின் தண்டில், அதே பருமனுள்ள மரக்கிளையில் இருப்பதைவிட அகன்ற குழாய்கள் இருப்பது வழக்கம். மரம் 16 மடங்கு செலவு செய்யும் இடத்தில் கொடிக்கு 16 மடங்கு வரவு! இரண்டு பதினாறும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆனாலும் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை.

உச்சிக்குப் போனதும் கொடி விரிகிறது. ஓர் இலை அடுக்கு தன்மேல் விழும் ஒளியில் பாதியைக் கீழே விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்கானால் கால் பங்கு. ஐந்து அடுக்கானால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு மூன்று. அந்த மூன்றில் மரம் தன் பிழைப்பை நடத்த வேண்டும். எடை வேறு. தடித்த இலைகளும் கிழங்குகளும் பெரும்பாலும் தண்ணீர்தான். 20 கிலோ எடை அடிமரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொங்கினால் கிளையின் அடியில் உண்டாகும் திருப்புவிசையைவிட, அதே எடை 3 மீட்டர் தள்ளித் தொங்கும்போது ஆறு மடங்கு உண்டாகும். கொடி விரும்புவது வெளிச்சமுள்ள கிளை நுனியை. காற்றும் மழையும் சேரும் ஒரு நாளில் கிளை முறிகிறது. முறிந்த இடைவெளியில் வெளிச்சம் தரைக்கு வருகிறது. தரையில் என்ன காத்திருக்கிறது? கிழங்குகள்.

இழுக்க இழுக்க இறுகும்

கொடியைக் கண்டதும் எவருக்கும் தோன்றுவது இழுத்துப் பிடுங்குவது. தொண்டர்கள் வெளியூரிலிருந்து ஆர்வத்தோடு வந்து முதலில் செய்யும் தவறும் இதுதான்.

டார்வினை நாம் பரிணாமத்தோடு மட்டும் நினைக்கிறோம். அவர் 1865இல் ஏறுகொடிகளின் அசைவுகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கொடியின் இளநுனி சும்மா நீள்வதில்லை; வட்டமிட்டுக்கொண்டே நீள்கிறது. 'ஹாப்' என்ற கொடியின் நுனி வெப்பமான நாட்களில் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டதை அவர் கடிகாரத்தை வைத்துக் குறித்திருக்கிறார். கண்ணில்லாதவர் கைத்தடியால் துழாவுவது போன்ற சுழற்சி அது. ஏதேனும் தட்டுப்பட்டால், சுழற்சி அதையே சுற்றிச் சுற்றி முறுக்காக மாறிவிடுகிறது. மதீரா கொடியும் இவ்வாறு முறுக்கி ஏறும் இனமே.

முறுக்கு எவ்வளவு வலுவானது? கட்டுத்தறியில் மாட்டுக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் சிறுவன் பிடித்துக்கொண்டாலும் காளையால் இழுத்துக்கொண்டு போக முடியாது; பார்த்திருப்பீர்கள். படகைத் துறையில் கட்டுவதும் இப்படியே. இதன் கணக்கை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் எழுதினார். கயிற்றுக்கும் தறிக்கும் உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். ஒரு சுற்றில், நுனியில் பிடிக்கும் விசையைப்போல் ஆறரை மடங்கு விசையைத் தாங்கலாம். இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்று சுற்றில் 285 மடங்கு! சுற்றின் எண்ணிக்கை கூட்டலில் ஏறும்போது பிடிப்பு பெருக்கலில் ஏறுகிறது. ஒரு முறை வகுப்பில் முக்காலியின் காலில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை ஒல்லியான மாணவன் ஒருவனிடம் கொடுத்து, கபடி ஆடும் இருவரை மறுமுனையில் இழுக்கச் சொன்னேன். கயிறு நழுவவில்லை, முக்காலிதான் கால் கழன்று வந்தது. அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியையே பயன்படுத்துகிறேன்.

இப்போது கணக்கைக் கொடிக்குத் திருப்பிப் போடுங்கள். கீழே நின்று 20 கிலோ எடையளவு விசையோடு நீங்கள் இழுக்கிறீர்கள். மூன்று சுற்றுக்கு மேலே அந்த விசையில் போய்ச் சேர்வது 285இல் ஒரு பங்கு, அதாவது 70 கிராம் எடையளவு. மேல் கொடிக்கு நீங்கள் இழுப்பதே தெரியாது. கீழ்ப் பகுதி மட்டும் மரத்தை மேலும் இறுக்கிப் பிடிக்கும். இன்னும் பலமாக இழுத்தால், நழுவுவதற்குப் பதில் அறும். அறுந்து குலுங்கும்போது கணுக்களில் லேசாக ஒட்டியிருக்கும் கிழங்குகள் பொலபொலவென்று உதிரும். ஒரு கொடி போய் நூறு கொடிக்கு விதை விழுந்தாயிற்று. எங்கள் நண்பர் 'எண்ணிப் பாருங்கள்' என்றது இதைத்தான்.

ஆகவே அங்குள்ள அனுபவசாலிகள் வேறு முறையில் தொடங்குகிறார்கள். எட்டும் உயரத்திலுள்ள கிழங்குகளைக் கையால் மெல்லக் கழற்றிப் பையில் போடுகிறார்கள். அடியில் ஒரு விரிப்பைப் பரப்பிவிட்டு வேலை செய்தால் உதிர்வதும் அதில் விழும். சேர்த்ததை எருக்குழியில் போடக் கூடாது. ஈரமும் மக்கும் கிடைத்தால் கிழங்குக்கு விருந்துதான். மூடிய பையில் கட்டி, குப்பைக் கிடங்குக்கே அனுப்புகிறார்கள்.

அடியில் வெட்டினால்?

சாதாரணக் கொடியை அடியில் வெட்டினால் மேற்பகுதி தண்ணீரின்றிக் காய்ந்துவிடும். பல கொடிகளுக்கு அதுவே போதும். இந்தக் கொடியின் தண்டும் இலையும் தண்ணீரைத் தமக்குள் தேக்கி வைத்தவை. வெட்டிய பின்னும் மேலே தொங்கியபடி நெடுநாள் உயிரோடு இருக்கும். கிழங்குகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே இருக்கும். கீழே, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு புதுத் தளிரை அனுப்பும். வெட்டியவர் ஒரு கொடியை மேலும் கீழுமாக இரண்டாக்கினார், அவ்வளவே.

ஆக, தாக்க வேண்டியது தண்டை அன்று, கிழங்கை. கிழங்கோ மண்ணுக்குள்ளும் மர உச்சியிலும் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் பாதை எது?

தாவரத்தில் இரண்டு போக்குவரத்துகள் நடக்கின்றன. சைலம் என்ற திசு வேர் உறிஞ்சிய நீரை மேலே கொண்டு போகிறது, ஒருவழிப் பாதை. அதற்கு வெளியே, பட்டையை ஒட்டினாற்போல் இருக்கும் ஃபுளோயம் என்ற திசு, இலையில் தயாரான சர்க்கரையைத் தேவைப்படும் இடத்துக்குக் கொண்டு போகிறது. இது எப்படி நடக்கிறது என்பதற்கு 1930இல் எர்ன்ஸ்ட் மூன்ச் என்ற ஜெர்மானியர் தந்த விளக்கம் இயற்பியல்காரனுக்கு மிகவும் பிடித்தமானது. இலையின் பக்கம் சர்க்கரை செறிவாக இருப்பதால் சவ்வூடுபரவல் மூலம் நீர் உள்ளே புகுந்து அழுத்தத்தை ஏற்றுகிறது. கிழங்கின் பக்கம் சர்க்கரை மாவுச்சத்தாகச் சேமிக்கப்படுவதால் அங்கே செறிவும் அழுத்தமும் குறைகின்றன. இந்த அழுத்த வேறுபாடே பாகைத் தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளுவதற்கு இலை வேண்டும். வாங்கிக்கொள்ளக் கிழங்கு வேண்டும். நடுவில் வெட்டினால் ஓட்டம் நின்றுவிடும்.

எனவே ஆஸ்திரேலியர்கள் வெட்டாமல் சுரண்டுகிறார்கள். கொடியின் தண்டில் ஒரு பக்கம் மட்டும், ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நீளத்துக்கு, கத்தியால் மேல்தோலைச் சீவுகிறார்கள். உள்ளே பச்சையாகத் தெரியும் பகுதியில் களைக்கொல்லியைத் தூரிகையால் உடனே தடவுகிறார்கள். சில வினாடி தாமதித்தாலும் காயம் தன்னை மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும். சுற்றிலும் சீவக் கூடாது. சீவினால் பாதை அறுந்துவிடும். மேலே இலைகள் உயிரோடு சர்க்கரை அனுப்பிக்கொண்டிருக்க, அதே ஓட்டத்தில் மருந்தும் கலந்து கிழங்குகளுக்குப் போகிறது. கொடி தன் சேமிப்பறைக்குத் தானே நஞ்சைச் சுமந்து செல்கிறது!

தடவும் மருந்து பெரும்பாலும் கிளைபோசேட். 1974இல் விற்பனைக்கு வந்த இது ஃபுளோயம் வழியே நன்றாகப் பயணம் செய்யக் கூடியது. தாவரங்களும் நுண்ணுயிர்களும் மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு வழித்தடத்தை அது அடைத்துவிடுகிறது. விலங்குகளுக்கு அந்த வழித்தடம் இல்லை. அதனால் நமக்குத் தீங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் இதைப் 'புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்ற இரண்டாம் நிலை வகையில் சேர்த்தது. வேறு சில நாடுகளின் கண்காணிப்பு அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. இந்திய அரசு 2022இல் வெளியிட்ட அறிவிக்கையில், பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக அன்றி இதைப் பயன்படுத்தலாகாது என்றது. தெளிப்பதைவிடத் தடவுவது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. தெளித்தால் பக்கத்துச் செடியும் ஓடை நீரும் பங்கு கேட்கும்; தடவினால் கொடி ஒன்றே வாங்கிக்கொள்ளும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கொடியோடு இணைந்திருக்கும் கிழங்குக்குத்தான் மருந்து போகும். ஏற்கெனவே உதிர்ந்து தரையில் கிடப்பது தாய் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் வந்தது; அதற்கும் கொடிக்கும் எந்தப் பாதையும் இல்லை. அவற்றுக்கு என்ன செய்வது?

இரண்டாம் முறைதான் முக்கியம்

திரும்பத் திரும்ப வருவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு மரத்தடியில் 1000 கிழங்குகள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 95 வீதம் பொறுக்கிவிட்டீர்கள். மிகவும் பாராட்டத்தக்க வேலை. மிஞ்சுவது 50. கண் முன்னால் தரை சுத்தமாகத் தெரிகிறது. படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். ஒரே பருவத்தில் அந்த ஐம்பதும் மரமேறி மறுபடி கிழங்கு வைக்கும். அப்படி இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஐந்தில் நான்கைப் பிடுங்கும்படி மூன்று முறை வந்தால் 50 பத்தாகும், பத்து இரண்டாகும், இரண்டு இல்லாமலே போகலாம். முதல் நாள் உழைப்பு பெரிது; ஆனால் பலன் தருவது பின்னால் வரும் சிறு உழைப்புகளே.

எப்போது வர வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கிழங்கிலிருந்து கிளம்பும் தளிர் முதலில் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. இலை விரிந்து ஒளிச்சேர்க்கை சூடுபிடித்த பிறகே வரவு தொடங்குகிறது. செலவு முடிந்து வரவு தொடங்காத அந்த இடைவேளையில் பிடுங்கினால் கிழங்குக்கு நட்டம் அதிகம். தளிரை மட்டும் கிள்ளாமல், விரலால் மண்ணைத் துழாவிக் கிழங்கோடு எடுப்பது இன்னும் உத்தமம். எல்லாக் கிழங்கும் ஒரே நாளில் முளைப்பதில்லை என்பதால் இந்தப் பாராவைச் சில ஆண்டுகள் நிறுத்தக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு விடை சொன்னவர்கள் சிட்னி நகரின் மோஸ்மன் பகுதியில் வாழ்ந்த இரண்டு சகோதரிகள்: அய்லீன் பிராட்லி, ஜோன் பிராட்லி. 1960களில், தங்கள் வீட்டருகே இருந்த காட்டில் நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் சிறு கருவிகளைக் கொண்டு களை எடுத்தார்கள். ஒட்டுமொத்தமாக வெட்டித் துப்புரவு செய்த இடங்களில் களை முன்னிலும் அடர்த்தியாகத் திரும்புவதை அவர்கள் கண்டார்கள். தரை கிளறப்பட்டு வெயிலும் பட்டால் முதலில் எழுவது களையே. எனவே அவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். களை மண்டிய இடத்தை விட்டுவிட்டு, காடு நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்கி, அங்குள்ள ஒன்றிரண்டு களைகளை எடுத்து, மெல்ல மெல்ல மோசமான இடத்தை நோக்கி நகர்ந்தார்கள். மண்ணைக் கூடிய மட்டும் கிளறுவதில்லை. நீக்கிய சருகைத் திரும்பவும் மூடிவிடுவார்கள். எடுத்த இடத்தில் காட்டுச் செடி தானே முளைத்து நிரப்பும் வரை அடுத்த அடி எடுத்துவைப்பதில்லை. வேகத்தை முடிவு செய்வது மனிதன் அல்லன், காடு.

முதலில் பலருக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றியிருக்கும். நோய் கண்ட இடத்தை விட்டுவிட்டு நலமான இடத்தில் மருந்து போடுவதா என்று எனக்கே தோன்றியது. ஆனால் மேலே சொன்ன ஓரக் கணக்கை நினைத்துப் பாருங்கள். நலமான காடு தன் நிழலால் நமக்காக வேலை செய்கிறது. அதன் ஓரத்திலிருந்து வெளியே நகரும்போது, நிழலும் நம்மோடு நகர்ந்து வருகிறது. வெட்டவெளியில் நடுவே தொடங்கினால் நான்கு பக்கமும் நாமே காவல் நிற்க வேண்டும். 1970களின் நடுவில் நியூ சவுத் வேல்ஸின் தேசிய அறக்கட்டளை ஜோன் பிராட்லியை அழைத்து இம்முறையில் ஆட்களைப் பழக்கியது. அய்லீன் 1976இலும் ஜோன் 1982இலும் மறைந்தார்கள். ஜோன் எழுதி வைத்தவை 1988இல் நூலாக வெளிவந்தன. மதீரா கொடி போன்ற வலுவான கொடிகளுக்கு அவர்கள் காலத்துக் கைக்கருவி மட்டும் போதாமல் தூரிகையும் மருந்தும் வந்து சேர்ந்தன. மற்றபடி வரிசை முறை மாறவில்லை.

வண்டின் வரவு

எட்டாத பள்ளத்தாக்கிலும் ஓடைச் சரிவிலும் மனிதக் கை போய்ச் சேராது. அதற்காகக் கொடியின் சொந்த ஊரிலேயே அதன் எதிரியைத் தேடினார்கள். தென் அமெரிக்காவில் கிடைத்தது பிளெக்டோனிகா கொரென்டினா என்ற சிறு இலைவண்டு. வண்டும் இலையைத் தின்னும், அதன் புழுவும் தின்னும். புழு தன் உடம்பின்மேல் பிசுபிசுப்பான ஒரு திரவத்தைப் போர்த்துக்கொண்டு இலைமேல் உட்கார்ந்திருக்கும். பார்க்க அருவருப்பாக இருக்கும். சோதனைகளுக்குப் பிறகு 2011இல் குவீன்ஸ்லாந்தில் இவ்வண்டை வெளியே விட்டார்கள்.

இது கொடியை ஒரேயடியாகக் கொல்வதில்லை. இலையைக் குறைக்கிறது, இலை குறைந்தால் சேமிப்பு குறையும், புதுக் கிழங்குகளும் குறையும். செலவுக் கணக்கில் ஒரு கை கொடுக்கிறது என்று சொல்லலாம். கத்தியும் தூரிகையும் பையும் எடுத்துக்கொண்டு போவோருக்கு வேலை இன்னும் இருக்கிறது.

வண்டை விடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அது வேறு எதையெல்லாம் தின்னும் என்பது. இந்த வண்டு பசலைக் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் சொந்தத் தாவரங்களில் அக்குடும்பத்தைச் சேர்ந்தது எதுவும் இல்லாதபடியால் அங்கே அனுமதி கொடுப்பது எளிதாயிற்று. அதே வண்டை நம் நாட்டில் விடலாமா என்று எவரேனும் கேட்டால், விடை கொல்லைப் பந்தலில் இருக்கிறது. அங்கே படர்ந்திருக்கும் கொடிப்பசலையும் அந்தக் குடும்பம்தானே. வண்டுக்குக் கீரைக்கும் களைக்கும் வேறுபாடு தெரியாது.